மதர்போர்டு தேர்வு: எங்கே செலவழிப்பது, எங்கே நிறுத்துவது

ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசசரை நடுத்தர விலையுள்ள ஒரு பி650 போர்டில் பொருத்தினாலும், மூன்று மடங்கு விலை சொல்லும் எக்ஸ்870இ போர்டில் பொருத்தினாலும், கேம் ஓடும் வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. ஆனால் 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும் கோர் ஐ9-14900கே ப்ராசசரை, மின்சுற்றுக்கு ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவான எச்610 போர்டில் பொருத்தி நீண்ட ரெண்டர் வேலையைக் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே வேகம் இறங்கத் தொடங்கும்.

மதர்போர்டின் இயல்பு இதுதான். விலை உயர்ந்த போர்டு ப்ராசசருக்குக் கூடுதல் வேகம் எதையும் தந்துவிடாது. பொருந்தாத போர்டு இருக்கிற வேகத்தைப் பறித்துவிடும். ஆகவே எந்த வேலைக்கு எது போதும், எந்த இடத்தில் குறைத்தால் கெட்டுப்போகும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டிய பாகம் இது. அந்தக் கணக்கைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் வேலை, பிறகு ப்ராசசர், அதன்பின் போர்டு

கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்களில் பலர் போர்டின் பெயரை முடிவு செய்துகொண்டுதான் கடைக்குள் நுழைகிறார்கள். அங்கேயே வரிசை தலைகீழாகிவிடுகிறது. என்ன வேலை என்பது முதலில் முடிவாக வேண்டும். அதை வைத்து ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முடிவாகும். அவை முடிவானபின் போர்டுக்கான தேவைகள் தாமாகவே தெளிவாகிவிடும்.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கேம் விளையாடுபவர். அவருக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டும் ஒன்றிரண்டு எஸ்எஸ்டியும் போதும். இன்னொருவர் திருமண வீடியோ எடிட்டர். ஒரே முகூர்த்த நாளில் மூன்று நான்கு கேமராக்களின் மெமரி கார்டுகள் அவர் மேசைக்கு வந்து சேரும். அவற்றை வேகமாக நகலெடுக்க வேண்டும், நான்கைந்து எஸ்எஸ்டியில் பிரித்து வைக்க வேண்டும். மூன்றாமவர் வீட்டிலேயே ஏஐ மாடல்களை இயக்குபவர், அல்லது பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவர். அவருக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் வேண்டியிருக்கும். மூவரும் கேட்பது உயர்திறன் கணினிதான். வாங்க வேண்டிய போர்டு மூவருக்கும் வேறு வேறு.

சாக்கெட்: எத்தனை ஆண்டுக்கான முதலீடு?

ப்ராசசர் அமரும் இடமான சாக்கெட்தான் போர்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் அதில் பொருந்தும். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் இந்த சாக்கெட்டை ஆதரிப்பதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. அந்த வாக்கை நம்புவதற்கு ஏஎம்4 சாக்கெட்டின் வரலாறு ஒரு காரணம். 2017இல் முதல் ரைசனுக்காக பி350 போர்டு வாங்கியவர்களில் பலர், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்தால் போதுமானதாக இருந்தது.

இன்டெல்லின் வழி வேறு. 2021 நவம்பரில் வந்த எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறை ப்ராசசர்களை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை வந்தபோது சாக்கெட் எல்ஜிஏ 1851 ஆக மாறியது. பழைய போர்டில் புதிய ப்ராசசர் அமராது. 2017இல் நடந்தது இன்னும் குழப்பமானது. 8ஆம் தலைமுறை ப்ராசசர்கள் முந்தைய எல்ஜிஏ 1151 சாக்கெட்டின் அதே வடிவத்தில் வந்தன. ஆனாலும் 200 வரிசை போர்டுகளில் அவை அதிகாரபூர்வமாக இயங்கவில்லை. 300 வரிசை போர்டு தேவைப்பட்டது. சாக்கெட்டின் பெயர் ஒத்துப்போனால் போதாது, போர்டு நிறுவனத்தின் ப்ராசசர் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடலின் பெயரும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்பதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் ப்ராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருப்பவருக்கு ஏஎம்5 பொருத்தமான தேர்வு. ஐந்தாறு ஆண்டுகள் எதையும் தொடாமல் ஓட்டப்போகிறவருக்கு இந்த வாதம் பெரிதில்லை. அவர் இன்றைய வேலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம்.

சிப்செட்: எழுத்துக்குப் பின்னால் இருப்பது

இன்டெல்லில் எச், பி, இசட்; ஏஎம்டியில் ஏ, பி, எக்ஸ். சிப்செட் பெயரின் முதல் எழுத்து தரவரிசையைச் சொல்கிறது, ஆனால் முழுக் கதையைச் சொல்வதில்லை.

இன்டெல் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய இசட் வகை போர்டு கட்டாயம். பி760, பி860 போர்டுகளில் ரேமின் வேகத்தை உயர்த்தலாம், ப்ராசசரின் வேகத்தை உயர்த்த முடியாது. ஏஎம்டியில் பி650, பி850 போர்டுகளிலேயே இரண்டும் முடியும். அதனால் ஏஎம்டி பக்கம் நடுத்தர போர்டின் மதிப்பு அதிகம்.

எக்ஸ்870, பி850 என்ற இரண்டு பெயர்களைக் கேட்டால் இடையே பெரிய தூரம் இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே இருப்பது ஒரே வகை சிப் ஒன்றுதான். எக்ஸ்870 போர்டில் யுஎஸ்பி4 இணைப்பும், கிராபிக்ஸ் ஸ்லாட்டில் பிசிஐஇ 5.0 வேகமும் கட்டாயம் இருக்க வேண்டும். பி850 போர்டில் அவை நிறுவனத்தின் விருப்பம். எக்ஸ்870இ போர்டில் அதே சிப் இரண்டு இருக்கும். அதனால் கூடுதல் எஸ்எஸ்டிகளையும் யுஎஸ்பி இணைப்புகளையும் தாங்கும். இவை எதுவும் தேவைப்படாதவர் அந்த எழுத்துகளுக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பி840 விஷயத்தில் கவனம் தேவை. பெயர் பி850க்குப் பக்கத்தில் இருந்தாலும், ப்ராசசர் ஓவர்கிளாக்கிங் இல்லை. சிப்செட் தரும் இணைப்புகளும் பிசிஐஇ 3.0 வேகத்தில் நின்றுவிடுகின்றன. உயர்திறன் கணினிக்கு அது பொருந்தாது.

மின்சாரம்: போர்டின் உண்மையான தரம் தெரியும் இடம்

எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே. இந்த மாற்றத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் விஆர்எம் என்ற மின்சுற்று. 253 வாட்டை 1.25 வோல்ட் அளவில் கொடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 200 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டில் ஏசி, கீசருக்குப் போடும் பெரிய பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான். உள்ளங்கையளவு இடத்தில் இவ்வளவு மின்னோட்டத்தைக் கையாளும்போது வெப்பம் எழாமல் இருக்காது. வெப்பம் எல்லை தாண்டினால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். விலை குறைந்த சில பி660 போர்டுகளில் கோர் ஐ9-12900கே இப்படித் தன் முழு வேகத்தை எட்டாமல் நின்றது வன்பொருள் விமர்சகர்களின் சோதனைகளில் பதிவாகியிருக்கிறது.

விளம்பரங்களில் 14+2+1 என்பதுபோல எண்கள் வரும். முதல் எண் ப்ராசசரின் கோர்களுக்கு மின்சாரம் தரும் பிரிவுகளைக் குறிக்கிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறாகும். ஒவ்வொரு பிரிவும் 50 ஆம்பியரா, 80 ஆம்பியரா, 110 ஆம்பியரா என்பதையும், அதன் மேல் நல்ல கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேவை எவ்வளவு என்பதை ப்ராசசர் சொல்லும். ரைசன் 7 9800எக்ஸ்3டி அதிகபட்சம் 162 வாட் வரை எடுத்துக்கொள்ளும். கேம் ஓடும்போது அதைவிடக் குறைவாகவே இழுக்கும். நடுத்தரமான பி650, பி850 போர்டு அதற்குத் தாராளம். ரைசன் 9 9950எக்ஸ் 230 வாட் வரை போகும். கோர் அல்ட்ரா 9 285கே 250 வாட் வரை போகும். இவற்றில் மணிக்கணக்காக ரெண்டர் ஓட்டுபவர் விஆர்எம் பகுதியில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வெயில் ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சென்னையிலோ திருச்சியிலோ மே மாதத்தில் ஏசி இல்லாத அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் 21 டிகிரியில் எடுத்த அளவுகளோடு அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். லிக்விட் கூலர் போடுபவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. சாதாரண ஏர் கூலரின் விசிறி ப்ராசசரோடு சேர்த்து விஆர்எம் மீதும் காற்றை வீசும். லிக்விட் கூலரில் அந்தக் காற்று கிடைக்காது. கேபினெட்டின் பின்பக்க விசிறி அவசியம்.

2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்கு நேர்ந்தது இந்தப் பகுதியின் முக்கியத்துவத்தை உலகுக்கே காட்டியது. கேம்கள் திடீர் திடீரென்று நின்றுபோயின. பல போர்டுகள் மின்வரம்பைத் தளர்த்திய அமைப்புகளோடு விற்பனைக்கு வந்திருந்தது முதலில் தெரியவந்தது. தன்னுடைய இயல்பு அமைப்புகளையே போடும்படி போர்டு நிறுவனங்களை இன்டெல் கேட்டுக்கொண்டது. பின்னர், ப்ராசசரின் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்கிறது என்று கண்டுபிடித்து, ஆகஸ்ட்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தத்தை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இந்தத் தலைமுறை ப்ராசசரை இன்று வாங்குபவர், கணினியை இயக்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது.

பிசிஐஇ பாதைகள்: கண்ணுக்குத் தெரியாத பங்கீடு

போர்டில் நான்கு எம்.2 ஸ்லாட்டுகள், மூன்று நீள ஸ்லாட்டுகள் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்த முடியுமா என்பது பெட்டியில் இருக்காது.

ரைசன் 7000, 9000 டெஸ்க்டாப் ப்ராசசர்களில் 28 பிசிஐஇ பாதைகள் இருக்கின்றன. அவற்றில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கு. நான்கு முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு. இன்னொரு நான்கு இரண்டாவது எஸ்எஸ்டிக்கோ யுஎஸ்பி4 இணைப்புக்கோ போகும். மீதி நான்கு சிப்செட்டோடு பேசுவதற்கு. சிப்செட்டில் மாட்டப்படும் மற்ற எஸ்எஸ்டிகள், சாட்டா டிஸ்குகள், நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி இணைப்புகள் எல்லாமே அந்தக் கடைசி நான்கு பாதைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அவை பிசிஐஇ 4.0 வேகத்தில், வினாடிக்கு ஏறக்குறைய 8 ஜிகாபைட் தாங்கும்.

சில எக்ஸ்870இ போர்டுகளில் இரண்டாவது, மூன்றாவது பிசிஐஇ 5.0 எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால், கிராபிக்ஸ் கார்டின் 16 பாதைகள் 8 ஆகக் குறைந்துவிடும். கேம்களில் இதனால் இழப்பு மிகச் சிறியது, பிசிஐஇ 5.0இல் 8 பாதைகள், 4.0இல் 16 பாதைகளுக்குச் சமம். ஆனால் பழைய போர்டில் கணக்கு மாறும். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் வடிவமைப்பிலேயே 8 பாதைகள் மட்டும் கொண்டவை. பிசிஐஇ 3.0 போர்டில் அவற்றுக்குக் கிடைக்கும் வழி பாதியாகிவிடும்.

வேறு சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் இரண்டு சாட்டா இணைப்புகள் செயலிழக்கும். பழைய ஹார்ட் டிஸ்குகளில் பல ஆண்டு வீடியோக்களை வைத்திருக்கும் எடிட்டர் இதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டால் பயனில்லை. கையேட்டில் எம்.2 பகுதிக்குக் கீழே சிறிய எழுத்தில் இந்த விவரம் இருக்கும்.

எஸ்எஸ்டி வேகத்திலும் நிதானம் நல்லது. சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 மெகாபைட் தரும். பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி 7 ஜிகாபைட் அளவிலும், 5.0 எஸ்எஸ்டி 14 ஜிகாபைட் அளவிலும் படிக்கும். கேம் திறக்கும் நேரத்தில் கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. பெரிய கோப்புகளை நாள் முழுக்க நகர்த்துபவருக்கு மட்டுமே 5.0 பயன்படும்.

ரேம்: நான்கு ஸ்லாட் இருப்பதால் நான்கையும் நிரப்ப வேண்டாம்

ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டுமே டிடிஆர்5 ரேமை மட்டும் ஏற்கும். எல்ஜிஏ 1700 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையாகவும் வந்தன. ஒரே மாடல் பெயரின் இறுதியில் டி4 என்ற குறி மட்டும் வேறுபடும். இரண்டு வகை ரேமிலும் 288 முனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் இறங்காது. பழைய ரேமைப் புதிய போர்டுக்குக் கொண்டுவர நினைப்பவர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

டிடிஆர்5இல் இரண்டு ஸ்டிக்குகளே சிறந்தவை. ரைசன் 9000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக்குடன் அதிகாரபூர்வ வேகம் டிடிஆர்5-5600. நான்கு ஸ்டிக் போட்டால் அது 3600 ஆக இறங்குகிறது. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவதே சரி. அவற்றை ப்ராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். ரைசனுக்கு டிடிஆர்5-6000 ரேம் வேகத்துக்கும் விலைக்கும் ஒத்துவரும் அளவு. பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரேமும் அடிப்படை வேகத்தில்தான் ஓடும்.

புதிய டிடிஆர்5 கணினியை முதன்முறை இயக்கும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

பயாஸ்: வாங்கிய பிறகும் தொடரும் உறவு

போர்டு வாங்குவது அதன் நிறுவனத்தின் மென்பொருள் உழைப்பையும் சேர்த்து வாங்குவது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகிய செய்திகள் வந்தன. எக்ஸ்போ இயக்கப்பட்டபோது சில போர்டுகள் ப்ராசசரின் எஸ்ஓசி பகுதிக்கு அதிக வோல்ட்டேஜ் கொடுத்திருந்தன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை விதித்தது. போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸை வெளியிட்டன. அதைப் போட்டுக்கொண்டவர்கள் பாதுகாக்கப்பட்டார்கள். போர்டின் ஆதரவுப் பக்கத்தில் கடைசி பயாஸ் எப்போது வந்தது என்று பார்த்தாலே நிறுவனத்தின் அக்கறை விளங்கிவிடும்.

ப்ராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் மிக முக்கியமான வசதி. அசுஸ் இதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது. ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ். எம்எஸ்ஐயில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன். கடையில் பல மாதங்களாக இருந்த பி650 போர்டில் ரைசன் 9000 ப்ராசசரைப் போட்டால் கணினி உயிர்பெறாமல் போகலாம். இந்தப் பொத்தான் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். கோளாறு ப்ராசசரிலா, ரேமிலா, கிராபிக்ஸ் கார்டிலா என்று காட்டும் நான்கு சிறு டீபக் விளக்குகளும் இருக்க வேண்டும். வண்ண விளக்குகளைவிட இந்த நான்கு விளக்குகளுக்கு மதிப்பு அதிகம்.

அளவும் இணைப்புகளும்

ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மில்லிமீட்டர் சதுரம். மினி ஐடிஎக்ஸ் 170 மில்லிமீட்டர் சதுரம். ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுபவருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். வேகத்தில் குறை இல்லை, விலையும் குறையும். மினி ஐடிஎக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் ரேம் ஸ்லாட் இரண்டுதான், விரிவாக்க ஸ்லாட் ஒன்றுதான்.

பின்பக்க யுஎஸ்பி இணைப்புகளை எண்ணிப் பார்த்து, வைத்திருக்கும் கருவிகளோடு ஒப்பிட வேண்டும். கேபினெட்டின் முன்பக்கத்தில் டைப்-சி இருந்தால் போர்டிலும் அதற்கான இணைப்பு வேண்டும். 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் இப்போது நடுத்தர போர்டுகளிலேயே கிடைக்கிறது. வயர்கள் எல்லாம் பின்புறம் மாட்டப்படும் புதுவகை போர்டுகளுக்கு அதற்கென்றே துளையிட்ட கேபினெட் தேவை.

கடையில்

சென்னை ரிச்சி தெருவானாலும், கொழும்பு யூனிட்டி பிளாசாவானாலும், சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரானாலும் நடைமுறை ஒன்றே. பில்லில் போர்டின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். ஒரே பெயரில் வைஃபை உள்ளதும் இல்லாததும், மறுபதிப்புகளும் விற்கப்படுவதால் பாதிப் பெயர் போதாது. வாரன்டி அந்த நாட்டில் செல்லுமா என்று கேட்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 நுண்ணிய முனைகள் உள்ளன. ஒன்று வளைந்தாலும் வாரன்டி கைகொடுப்பது அரிது. கடையிலேயே, நல்ல வெளிச்சத்தில், கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியெறியக் கூடாது. வாரன்டிக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.

மூவருக்கும் முடிவு

கேம் விளையாடுபவருக்கு, பயாஸ் ஃபிளாஷ்பேக்கும் ஹீட்சிங்க் உள்ள விஆர்எம்மும் கொண்ட பி650 அல்லது பி850 போர்டு. மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். வேகம் அங்கேதான் கூடும்.

வீடியோ எடிட்டருக்கு, அவருடைய கேமரா 10 பிட் 4:2:2 எச்இவிசி வடிவில் பதிவு செய்தால், உள்கிராபிக்ஸ் உள்ள இன்டெல் கோர் அல்ட்ரா ப்ராசசரும் தண்டர்போல்ட் 4 இணைப்புள்ள இசட்890 போர்டும் நன்கு உதவும். அந்த வடிவத்தை இன்டெல்லின் உள்கிராபிக்ஸ் நேரடியாகக் கையாளும். மாடல் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு வைத்திருப்பவர் இந்தக் கட்டுப்பாடின்றி ஏஎம்டி பக்கமும் போகலாம். எந்தப் பக்கம் போனாலும், எடிட் செய்யும் கோப்புகள் ப்ராசசரோடு நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடுபவருக்கு, 16 பாதைகளை எட்டு எட்டாகப் பிரித்துத் தரும் போர்டு வேண்டும். அசுஸ் புரோஆர்ட் எக்ஸ்870இ கிரியேட்டர் அப்படிப்பட்டது. அதில் 10 ஜிகாபிட் நெட்வொர்க்கும் உண்டு. இரண்டுக்கு மேல் கார்டுகள் வேண்டுமென்றால் ஏஎம்டியின் திரெட்ரிப்பர் ப்ராசசரும் டிஆர்எக்ஸ்50 போர்டும் ஒரு வழி. அதற்கு ரிஜிஸ்டர்டு ரேம் தேவை. சாதாரண டெஸ்க்டாப் ரேம் செல்லாது.

எல்லா நிறுவனங்களும் போர்டின் முழுக் கையேட்டைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன் அதை இறக்கி, எம்.2 பங்கீட்டு அட்டவணை, ரேம் ஸ்லாட் பக்கம் ஆகிய இரண்டையும், தளத்திலுள்ள ப்ராசசர் ஆதரவுப் பட்டியலையும் படித்துவிடுங்கள்.